ரப்பிஷ், ஹாக்வாஷ், காட்ஸ்வாலப்: இங்கிலீஷ்ல ‘உளறாதே’ன்னு எப்படிச் சொல்றது, யாருகிட்ட சொல்லக்கூடாது

போன மாசம் ராத்திரி ஒம்போதரை மணி இருக்கும், கானாடுகாத்தான்லேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணுச்சு. அங்க பெரிய வீடுகளைச் சுத்திக் காட்டுற கைடு வேலை பாக்குது, முன்னாடி காரைக்குடியில என்கிட்ட ரெண்டு வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிச்ச பிள்ளை. “அக்கா, இன்னிக்கு இங்கிலாந்துலேர்ந்து வயசான புருஷன் பொண்டாட்டி வந்தாக, முகப்புல நிக்கிற தேக்குத் தூணைக் காட்டி, இதெல்லாம் பர்மாவுலேர்ந்து கப்பலுக்குப் பின்னாடி கயித்துல கட்டி கடல்லயே மிதக்க விட்டுக் கொண்டாந்ததுன்னு சொன்னேன், அந்த ஐயா சிரிச்சுக்கிட்டே ‘லோட் ஆஃப் ஓல்ட் காட்ஸ்வாலப்’னாரு, அந்தம்மா அவரு தோள்ல ஒரு தட்டு தட்டுச்சு, அது கெட்ட வார்த்தையாக்கா? சாயங்காலத்துலேர்ந்து மனசே சரியில்ல”ன்னுச்சு.

கெட்ட வார்த்தை இல்லப்பா, நீ சொன்ன கதை நம்புற மாதிரி இல்லன்னு செல்லமா சொல்லியிருக்காரு, நீ நிம்மதியா தூங்குன்னு சொல்லி வச்சுட்டேன். எனக்குத்தான் தூக்கம் வரல. இந்தப் பிள்ளைக்கு டென்ஸ் சொல்லிக்குடுத்தேன், ப்ரெபொசிஷன் சொல்லிக்குடுத்தேன், ஆனா எதிர்ல நிக்கிற ஒரு ஆளு ‘நீ சொல்றது உளறல்’னு இங்கிலீஷ்ல எத்தனை விதமா சொல்லுவாரு, அதுல எது விளையாட்டு, எது கோவம், எது அசிங்கம்னு பிரிச்சுப் பாக்கச் சொல்லிக்குடுக்கவே இல்ல. டிக்ஷனரியப் பாத்தா எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கும், நான்சென்ஸ், நான்சென்ஸ், நான்சென்ஸ்னு. ஆனா ஆளுக்கு ஆளு, எடத்துக்கு எடம் அதோட எடை மாறுது. அதனால நம்ம பிள்ளைகளுக்கு, முக்கியமா டூரிஸ்ட்டோட பேசிப் பொழைக்கிற பிள்ளைகளுக்கு, எனக்குத் தெரிஞ்சதை இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்ல ஒண்ணு, இதை மட்டும் பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. இங்கிலீஷ்ல இந்த வார்த்தைங்க பெரும்பாலும் பேச்சு மேல விழுற வார்த்தை, ஆளு மேல விழுறது இல்ல. ‘தட்ஸ் நான்சென்ஸ்’னா நீ சொன்ன அந்த விஷயம் அர்த்தமில்லாததுன்னு அர்த்தம். சொன்ன ஆளுக்கு அதுல பங்கு இல்ல, அவரு நாளைக்கு நல்ல விஷயமும் சொல்லலாம். நம்ம ஊர்ல என்ன ஆயிப்போச்சுன்னா அதை அப்படியே தூக்கி ஆளு மேல போட்டுட்டோம். ‘யூ நான்சென்ஸ்’, ‘அவன் ஒரு நான்சென்ஸ்’, ‘நான்சென்ஸ் ஃபெல்லோ’ இப்படி. இங்கிலாந்துக்காரங்க காதுக்கு ‘யூ நான்சென்ஸ்’ங்கிறது வாக்கியமாவே விழாது, நீ ஒரு உளறல்னு சொன்னா நமக்கு எப்படி இருக்கும், அது மாதிரி.

எனக்கு இது வெறும் இலக்கணப் பிரச்சனை இல்ல. நான் ஆறாவது படிக்கிறப்ப கிளாஸ்ல ஒரு பாடத்துக்குத் தப்பா பதில் சொன்னேன்னு ‘நான்சென்ஸ், ஸ்டாண்ட் அப்’னு சொல்லி நிக்க வச்சாக. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, வீட்டுல கேக்கவும் பயம், ஏதோ நம்ம பொறப்பையே சொல்ற வசவு போலன்னு நெனச்சுக்கிட்டேன். ரொம்ப நாளு கிளாஸ்ல வாயே தொறக்கல. பின்னாடி காலேஜ்ல வந்துதான் அது சும்மா ‘சென்ஸ்’க்கு முன்னாடி ‘இல்ல’ங்கிற ‘நான்’ (non) சேர்த்தது, அர்த்தமில்லாததுன்னு மட்டும்தான் அர்த்தம்னு தெரிஞ்சுது, 1600கள்லேர்ந்து இங்கிலீஷ்ல பொழங்குற சாதாரண வார்த்தை. அதனால டீச்சர்மாருக்கும் அப்பா அம்மாவுக்கும் சொல்றேன், பிள்ளை தப்பு பண்ணா பதிலைத் தப்புன்னு சொல்லுங்க, பிள்ளையவே நான்சென்ஸ்னு சொல்லாதீங்க. இங்கிலீஷும் கெட்டுப்போகுது, பிள்ளையும் சுருங்கிப்போகுது.

ரப்பிஷ்ங்கிறதுல ஒரு சின்ன விலக்கு இருக்கு, அதையும் இங்கயே சொல்லிடறேன். ‘ஐ ஆம் ரப்பிஷ் அட் குக்கிங்’னு ஒரு பிரிட்டிஷ்காரம்மா சொன்னா நான் ஒரு குப்பைன்னு சொல்லல, எனக்குச் சமைக்க வராதுன்னு சொல்றாங்க. பின்னாடி அந்த ‘அட்’ வருதா பாருங்க, வந்தா அது ஒரு வேலையில தெறமை இல்லங்கிறதைச் சொல்றது, அவ்வளவுதான். அதே மாதிரி ட்ராஷ் அமெரிக்காக்காரங்க குப்பைக்குச் சொல்ற வார்த்தை, ஒரு படத்தையோ செய்தியையோ ட்ராஷ்னு சொன்னா மட்டமானதுன்னு அர்த்தம், ஆனா அதை மனுஷங்க மேல போட்டா ரொம்பக் கேவலமான வசவு, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இலக்கணம் கொஞ்சம், சுருக்கமா. நான்சென்ஸை எண்ண முடியாது, தண்ணி மாதிரி. ரெண்டு நான்சென்ஸ், நான்சென்சஸ்னெல்லாம் வராது. அளவு சொல்லணும்னா ‘எ லோட் ஆஃப்’ போடுங்க, ஒரு வண்டி உளறல்ங்கிற மாதிரி, எ லோட் ஆஃப் நான்சென்ஸ், எ லோட் ஆஃப் ரப்பிஷ். அழுத்தம் வேணும்னா முன்னாடி அட்டர், கம்ப்ளீட், அப்சல்யூட், ஷீர் இதுல ஒண்ணு. வினை பெரும்பாலும் டாக் தான், ‘ஹி இஸ் டாக்கிங் ரப்பிஷ்’, டெல்லிங்னு போடாதீங்க, நம்ம பிள்ளைங்க நூத்துக்கு தொண்ணூறு இதுல தப்பு பண்ணுதுங்க, ஏன்னா தமிழ்ல பொய் ‘சொல்றான்’, கதை ‘சொல்றான்’னுதான் வருது. உளறல் மட்டும் நமக்கும் சொல்றது இல்ல பாருங்க, அதுவே வினையா ‘உளர்றான்’னு நிக்குது, அந்த ஞாபகத்துல டாக்கைப் பிடிச்சுக்கோங்க.

இனிமே சொல்லப் போறதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்சது. நான்சென்ஸ்ங்கிற வார்த்தை பாசமாவும் வரும். ஒருத்தர் தன்னைத் தாழ்த்திப் பேசுறப்பவோ, உங்களுக்குத் தொந்தரவு குடுக்குறோமேன்னு தயங்குறப்பவோ, எதிர்ல இருக்கவங்க ‘நான்சென்ஸ்!’னு ஒத்தை வார்த்தையில சொன்னா அது அன்பு. ‘எனக்கு வயசாயிப்போச்சு, இனிமே எங்க வரப்போறேன்’ - ‘நான்சென்ஸ்! யூ லுக் வொண்டர்ஃபுல்’. இதை நம்ம ஆச்சிமாரு நாளெல்லாம் தமிழ்ல செய்றாக. சாப்பாட்டு நேரத்துல போயிட்டோமேன்னு வாசல்லயே நின்னா, ‘அட சும்மா இருங்க, என்ன பேச்சு இது, வந்து எலையில உக்காருங்க’ன்னு ஒரு அதட்டல் வரும் பாருங்க, அந்த ‘என்ன பேச்சு இது’தான் இந்த நான்சென்ஸ். ஆனா காதுல நல்லா வாங்கிக்கணும், பாச நான்சென்ஸ்ல குரல் லேசா மேல ஏறி இறங்கும், மூஞ்சியில சிரிப்பு இருக்கும், பின்னாடியே ஒரு நல்ல வார்த்தை வரும். கோவ நான்சென்ஸ் தட்டையா, வெட்டின மாதிரி வந்து அதோட நின்னுடும்.

அடுத்து, எடை. ஒவ்வொரு வார்த்தையும் எவ்வளவு கனம்னு தெரியணும். கடையில தராசுல போட்ட மாதிரி துல்லியமா சொல்ல முடியாது, ஆனா ஒரு அந்தாஜு இருக்கு.

ரொம்ப லேசானது, பழைய காலத்து வாசனை அடிக்கிறது: ஃபிடில்ஸ்டிக்ஸ், பிஃபில், ட்வாடில், டாஷ் (tosh), பாப்பிகாக், பால்டர்டாஷ், காட்ஸ்வாலப். இதையெல்லாம் இன்னிக்கு சின்னப் பசங்க யாரும் கோவத்துல சொல்றது இல்ல, வயசான பிரிட்டிஷ்காரங்க வெளையாட்டா சொல்லுவாங்க, இல்ல பத்திரிகைல எழுதுவாங்க. அதனால காதுல விழுந்தா பயப்படாதீங்க. ஆனா நீங்க இதை எடுத்துப் பேசணும்னு அவசியம் இல்ல, இருவது வயசுப் பையன் ‘பால்டர்டாஷ்’னு சொன்னா, பேன்ட் சட்டை போட்ட பையன் ‘யாதுமறியாப் பேதாய்’னு பேசுற மாதிரி இருக்கும். பால்டர்டாஷ் முதல்ல பேச்சையே குறிக்கல, 1590கள்ல அது நுரை தண்ணியையும் அப்புறம் கன்னாபின்னான்னு கலந்த பானத்தையும் குறிச்சது, பாலும் பீரும் கலந்தா எப்படி இருக்கும், அப்படி. ஒட்டாததை ஒண்ணாக் கலந்த பேச்சுக்குப் பின்னாடி அந்தப் பேரு வந்துச்சு. பாப்பிகாக் கேக்க அழகா பூ பேரு மாதிரி இருக்கு, அதோட டச்சு மூலத்தைத் தேடிப் போனவங்க அது சாணி சம்பந்தப்பட்ட வார்த்தைலேர்ந்து வந்திருக்கும்னு சொல்றாங்க, ஆனா இங்கிலீஷ்ல அந்த நாத்தம் யாருக்கும் தெரியறது இல்ல, பாட்டிமாரு முன்னாடியும் சொல்லலாம்.

நடு எடை: ரப்பிஷ், நான்சென்ஸ், ஹாக்வாஷ், பலோனி, ட்ரைப், ட்ரிவல், கார்பேஜ். இதெல்லாம் இன்னிக்கும் நடப்புல இருக்கிற வார்த்தைங்க, கெட்ட வார்த்தை கிடையாது, ஆனா நேருக்கு நேரா சொன்னா சுருக்குனு இருக்கும். கூட்டாளிகிட்ட ஓகே, மேனேஜர்கிட்ட கூடாது, கெஸ்ட்கிட்ட கூடவே கூடாது.

இதுல பாதி சமையக்கட்டுலேர்ந்து வந்தது, அதைச் சொல்லிக்குடுத்தா பிள்ளைங்க மறக்கவே மாட்டேங்குதுங்க. ஹாக்வாஷ்னா பன்னிக்கு ஊத்துற கழனி. நம்ம வீட்டுல அரிசி களைஞ்ச தண்ணி, வடிச்ச கஞ்சி, காய்கறித் தோலு எல்லாம் கொல்லையில கழனித்தொட்டியில ஊத்தி மாட்டுக்கு வைக்கிறோம்ல, அங்க பன்னிக்கு வைக்கிறாங்க. மனுஷன் குடிக்க முடியாத தண்ணி, மனுஷன் நம்ப முடியாத பேச்சு. பலோனி இத்தாலியில பொலோன்யாங்கிற ஊரோட பேருல வர்ற ஒரு சாசேஜ், அமெரிக்காவுல 1920கள்ல உளறலுக்குப் பேராச்சு. ட்ரிவல் வாயிலேர்ந்து ஒழுகுற எச்சி, நம்ம ‘வாய்ல வடியுது’ன்னு கொழந்தையைச் சொல்ற அதே ஜொள்ளு. ட்ரைப்தான் எனக்கு ஒப்பவே ஒப்பாதது. அது மாட்டோட இரைப்பை, நம்ம ஊர்ல ஆட்டுப் போட்டிய எவ்வளவு நேரம் சுண்ணாம்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவி, மிளகு சீரகம் அரைச்சு ஊத்தி ஞாயித்துக்கெழமை குழம்பு வைக்கிறோம், அந்த உறுப்போட பேரைப் போயி ஒண்ணுத்துக்கும் ஆகாததுக்கு வச்சிருக்காங்க. அதனால ஒரு இங்கிலீஷ்காரரு ‘வாட் எ லோட் ஆஃப் ட்ரைப்’னா ருசியா இருக்குன்னு சொல்றாருன்னு எடுத்துக்காதீங்க, இந்தக் குழப்பம் நெஜமாவே நம்ம சமையக்காரங்களுக்கு வரக்கூடியது.

இப்ப காட்ஸ்வாலப்புக்கு வர்றேன், அந்தத் தம்பி கேட்டது. இதுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. கோலி சோடா பாட்டிலு தெரியும்ல, கழுத்துல கோலிக்குண்டு வச்சது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல பச்சைக் கண்ணாடியில வரிசையா நிக்கும். அதைக் கண்டுபிடிச்சவரு ஹைரம் காட்ங்கிற இங்கிலீஷ்காரரு, 1872ல பேட்டன்ட் வாங்குனாரு. உள்ள இருக்கிற கேஸு குண்டை மேல தள்ளும், கழுத்துல இருக்கிற ரப்பர் வளையத்துல குண்டு போயி இறுக்கி அடைச்சுக்கும், மூடியே வேண்டாம். வாலப்ங்கிறது பீருக்கு அங்க கொச்சையா சொல்ற பேரு. பீர் குடிக்கிறவங்க இந்த சோடாவைப் பாத்து ‘காட்டோட பீரு’ன்னு எளக்காரமா சொன்னாங்க, அதுலேர்ந்துதான் காட்ஸ்வாலப் வந்துச்சுன்னு ஒரு கதை உலகம் பூரா சுத்துது. கேக்க ரொம்பப் பொருத்தமா இருக்கு, ஆனா சொல் ஆராய்ச்சி பண்றவங்க ஒத்துக்கல. காட் 1887லயே செத்துப்போயிட்டாரு, அவரு காலத்துல யாரும் இந்த வார்த்தையை எழுதி வைக்கல, அது அச்சுல பரவலா தெரியவர்றது 1950கள் கடைசியிலதான், அத்தனை வருஷம் ஒரு வார்த்தை எந்தத் தாளுலயும் படாம வாய்லயே சுத்துமா? ஆக காட்ஸ்வாலப்போட பொறப்பைப் பத்தின கதையே ஒரு காட்ஸ்வாலப்தான். நான் பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக்குடுக்கிறப்ப ஆளுக்கொரு பன்னீர் சோடா வாங்கிக் குடுத்துத்தான் சொல்லுவேன், குண்டு உள்ள எறங்குற அந்தச் சத்தத்தோட வார்த்தையும் எறங்கிடும்.

அரசியலுக்கும் மேடைக்கும் தனி வார்த்தைங்க இருக்கு. பங்க்கம், சுருக்கமா பங்க். 1820ல அமெரிக்க காங்கிரஸ்ல மிசூரி மாநிலம் பத்தி பெரிய விவாதம், எல்லாரும் ஓட்டு போட்டுட்டுப் போவோம்னு கத்துறாங்க, வடக்கு கரோலினாக்காரரு ஃபீலிக்ஸ் வாக்கர் மட்டும் எந்திரிச்சு பேசிக்கிட்டே இருக்காரு. கேட்டா, இது உங்களுக்காக இல்ல, என் தொகுதி பங்க்கம் ஜனங்களுக்காகப் பேசுறேன்னாரு. சபையில யாருக்கும் பிரயோஜனம் இல்லாம, ஊருல பேரு வாங்கப் பேசுற பேச்சுக்கு அந்தக் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) பேரே நெலைச்சுப் போச்சு. அதுலேர்ந்து 1923ல டிபங்க்னு ஒரு வினையும் வந்துச்சு, பொய்யைப் பிரிச்சுக் காட்டுறதுன்னு அர்த்தம், இது ரொம்ப மரியாதையான, உபயோகமான வார்த்தை, இன்டர்வியூல கூட சொல்லலாம். வாட்ஸ்அப்ல வர்ற புரளியை செக் பண்ணி இது தப்புன்னு ஆதாரத்தோட போடுறாங்கல்ல, அவங்க பண்றது டிபங்கிங்.

க்ளாப்ட்ராப் நாடக மேடைலேர்ந்து வந்தது, கைத்தட்டலைப் பிடிக்கப் போடுற கண்ணி. காரைக்குடிக்காரங்களுக்கு இதை வெளக்கவே தேவையில்ல, 1939லேர்ந்து கம்பன் விழா கேட்டு வளர்ந்த ஊரு, விஷயத்தோட பேசுறவரு யாரு, நிறுத்திக் கைத்தட்டலுக்குக் காத்திருக்கிறவரு யாருன்னு பின்வரிசையில உக்காந்திருக்கிற அப்பத்தாவே சொல்லிடும். மலார்க்கி அமெரிக்காவுல அயர்லாந்து வம்சாவளிக்காரங்க பக்கம் புழங்குற வார்த்தை, ஜோ பைடன் 2012 விவாதத்துல சொன்னதுக்கப்புறம் திரும்ப எல்லாரு காதுலயும் விழுந்துச்சு.

காபில்டிகூக் கொஞ்சம் வேற ஜாதி. இது பொய் இல்ல, புரியாதது. 1944ல டெக்சஸ்காரரு மோரி மேவரிக் அரசாங்க ஆபீஸ்ல இருந்தப்ப, அங்க எழுதுற சுத்தி வளைச்ச இங்கிலீஷைப் பொறுக்க முடியாம, இனிமே இப்படி எழுதக்கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை விட்டாரு, அதுல உண்டாக்கின வார்த்தை. வான்கோழி கழுத்துல தாடி ஆட காபிள் காபிள்னு கத்துமே, அந்தச் சத்தம்தான் அதுக்கு மூலம். நம்ம பத்திரத்துல ‘மேற்படி சொத்தை சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’னு ஒரு பக்கத்துக்கு முற்றுப்புள்ளி இல்லாம ஓடும்ல, அதை முதல் தடவை படிக்கிறவரு மனசுல வர்ற வார்த்தை இதுதான். பேங்க் லெட்டரு, இன்சூரன்ஸ் பேப்பரு, மாத்திரை அட்டையில சின்ன எழுத்து, எல்லாத்துக்கும் சொல்லலாம். ஜிபரிஷ் இன்னும் ஒரு படி கீழ, சத்தம் மட்டும் இருக்கு, மொழியே இல்ல. ஜொரத்துல பினாத்துறது, கம்ப்யூட்டர்ல ஃபான்ட் மாறி கட்டம் கட்டமா தெரியறது, இதெல்லாம் ஜிபரிஷ்.

ஐவாஷ் நம்ம பத்திரிகைங்க நெறைய போடுறது, கண்துடைப்புன்னு தமிழ்லயும் அப்படியே எழுதுறோம். நம்ம ஊர்ல இதைப் பேச்சை விட செயலுக்குத்தான் அதிகம் சொல்றோம். மினிஸ்டர் வர்றாருன்னு ஒரு ராத்திரில ரோட்டுக்குத் தாரு பூசுறது கண்துடைப்பு. இந்தியாவுல எல்லாருக்கும் புரியும், வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொன்னா கண்ணுக்குப் போடுற மருந்துன்னுதான் பெரும்பாலும் நெனப்பாங்க, அங்க ‘ஜஸ்ட் ஃபார் ஷோ’ன்னு சொல்லிக்கோங்க.

மம்போ ஜம்போ பத்தி நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். இது 1700கள்ல மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன இங்கிலீஷ்காரங்க, அங்க மண்டிங்கா ஜனங்க முகமூடி போட்டுச் செஞ்ச ஒரு சடங்கைப் பாத்து எழுதி வச்ச பேரு. அடுத்தவங்க சாமியையும் சடங்கையும் புரிஞ்சுக்காம எளக்காரமா பேசினதுலேர்ந்து ‘அர்த்தமில்லாத மந்திரம்’ங்கிற அர்த்தம் ஒட்டிக்கிச்சு. நம்ம பிள்ளையார்பட்டியில நின்னு ஒருத்தரு அபிஷேகத்தைப் பாத்து அப்படிச் சொன்னா நமக்கு எப்படி வலிக்கும்? அந்த வலி அவங்களுக்கும் இருக்கும்ல. ஆபீஸ் பேச்சுல ‘லீகல் மம்போ ஜம்போ’ன்னு நெறைய பேரு சொல்றாங்க, காதுல வாங்கிக்கோங்க, நீங்க அதுக்குப் பதிலா காபில்டிகூக்கை வச்சுக்கோங்க.

இனி கனமானது, வாயில வைக்கக்கூடாதது. க்ராப், புல்ஷிட், போலக்ஸ். க்ராப் கொஞ்சம் லேசு, ஆனாலும் மலம்தான். போலக்ஸ் பிரிட்டிஷ்காரங்க சொல்றது, ஆம்பளைங்க உறுப்பு. அங்க ஃப்ரெண்ட்ஸுக்குள்ள சர்வ சாதாரணமா வரும், அதைக் கேட்டுட்டு நீங்களும் சொல்லிடாதீங்க, ஏன்னா ஒரு மொழியில கெட்ட வார்த்தையை எப்ப சொன்னா சிரிப்பாங்க, எப்ப சொன்னா மூஞ்சி மாறும்ங்கிறது அந்த மொழியில பொறந்து வளர்ந்தவங்களுக்கே சமயத்துல தப்பும். புல்ஷிட் இன்டர்நெட்ல எங்க பாத்தாலும் இருக்கு, அதனாலயே நம்ம பசங்களுக்கு அதோட அசிங்கம் தெரியாம போச்சு. அந்த வார்த்தையைப் பேசாதீங்கன்னு சொல்ற நானே அதோட அர்த்தத்தை மட்டும் விலாவாரியா சொல்லிக்குடுப்பேன், ஏன்னா ஹாரி ஃப்ராங்க்ஃபர்ட்னு ஒரு அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1986ல இதை வச்சே ஒரு கட்டுரை எழுதி, ரொம்ப நுணுக்கமா ஒரு வித்தியாசம் சொன்னாரு. பொய் சொல்றவனுக்கு உண்மை எதுன்னு தெரியும், அதை மறைக்கப் பாக்குறான். இவனுக்கு உண்மையா பொய்யாங்கிற கவலையே கிடையாது, அந்த நேரத்துக்கு வேலை ஆகணும், அவ்வளவுதான். தமிழ்ல பொய்ங்கிறோம், அளக்குறான்ங்கிறோம், ரெண்டும் வேற வேறதானே, அந்த அளப்புதான் இது. அவசியம் வந்து சொல்லியே ஆகணும்னா ‘பிஎஸ்’னு ரெண்டு எழுத்துல சுருக்கிச் சொல்லுவாங்க, அதுவும் கூட்டாளிங்களுக்குள்ள மட்டும்.

அப்ப நம்ம என்னதான் சொல்றது? வேலை எடத்துல, கெஸ்ட்கிட்ட, பெரியவங்ககிட்ட, மேல சொன்ன எதுவும் வேண்டாம். ‘ஐ ஆம் நாட் ஷ்யூர் அபவுட் தட்’, ‘ஐ ஹேட் ஹெர்ட் இட் டிஃபரன்ட்லி’, ‘தட் டஸ்ன்ட் மேக் சென்ஸ் டு மீ’. கடைசில வர்ற அந்த ‘டு மீ’ய விட்டுடாதீங்க, அது இருந்தா எனக்குப் புரியலன்னு ஆகும், இல்லாட்டி நீ சொன்னது தப்புன்னு ஆகும். எழுத்துல, புகார்ல, லெட்டர்ல ‘பேஸ்லெஸ்’, ‘அன்ஃபவுண்டட்’, ஆதாரமில்லாததுன்னு. நெருங்கின கூட்டாளிகிட்ட ‘கம் ஆன்!’ போதும், நம்ம ‘அட போப்பா’ மாதிரி.

தமிழ்ல நமக்கு என்ன தோணுதோ அதுலேர்ந்து இங்கிலீஷைப் பிடிக்கிறது நல்ல வழி, டிக்ஷனரிய விட இது எனக்கு ஒதவியிருக்கு. ‘ரீல் விடறான், புருடா விடறான்’னு தோணுச்சுன்னா அது காக் அண்ட் புல் ஸ்டோரி, இல்ல டால் டேல். ‘பம்மாத்து’ன்னு தோணுச்சுன்னா ஹம்பக், வெளிவேஷம். ‘பினாத்துறான்’னா ட்ரிவல். ‘டுபாக்கூர்’னா போகஸ், அது பேச்சை விட ஆளுக்கும் சர்டிஃபிகேட்டுக்கும் நல்லாப் பொருந்தும். ‘தேன் ஒழுகப் பேசுறான்’னா ப்ளார்னி, அயர்லாந்துல அந்தப் பேருல ஒரு கோட்டை இருக்கு, அங்க இருக்கிற ஒரு கல்லுக்கு முத்தம் குடுத்தா பேச்சுத் தெறமை வரும்னு ஜனங்க இன்னிக்கும் தலைகீழா சாஞ்சு முத்தம் குடுக்குறாங்க. ‘உளர்றான்’னு பொதுவா தோணுச்சுன்னா சும்மா நான்சென்ஸ், ரப்பிஷ் போதும்.

நம்மளைப் பாத்து யாராவது சொன்னா என்ன பண்றது? அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். முதல்ல மூஞ்சியைப் பாரு, அப்புறம் வார்த்தையைக் கேளு. சிரிச்சா நீயும் சிரி. அப்புறம் உனக்கு உறுதியாத் தெரிஞ்சது எதுவோ அதைச் சொல்லு. மரம் பர்மாவுலேர்ந்து வந்தது நெசம். அங்க தேக்கை வெட்டுறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே அடிமரத்தைச் சுத்தி வளையம் மாதிரி பட்டைய வெட்டி விட்டு, நின்ன வாக்குலயே காய விடுவாக, பச்சை மரம் முங்கிப்போகும், காஞ்சதுதான் மெதக்கும், அப்புறம் வெட்டி ஐராவதி ஆத்துல தெப்பமா கட்டி ரங்கூன் வரைக்கும் மெதக்க விட்டுக் கொண்டாருவாக. இதைச் சொல்லு. கடல்ல கப்பலுக்குப் பின்னாடி கட்டி இழுத்த கதையை ‘எங்க ஐயா சொல்லிக் கேட்டது’ன்னு சேத்துச் சொல்லு, ‘மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு டெல் அஸ்’னு. கதையைக் கதையாச் சொன்னா யாரும் காட்ஸ்வாலப்னு சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் அது உன் ஐயாவோட வெளையாட்டுக்குள்ள போயிடும்.

போன வாரம் திரும்ப போன் வந்துச்சு. வேற ஒரு ஜோடி வந்திருக்காக, தம்பி ஐராவதிய சொல்லியிருக்கு, முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி சோடா பாட்டிலைக் காட்டி காட் கதையையும் சொல்லியிருக்கு, அவுக விழுந்து விழுந்து சிரிச்சிருக்காக. கெளம்புறப்ப இது “சாரி மேடம், மை இங்கிலீஷ் இஸ் பூர்”னு சொல்ல, அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு “நான்சென்ஸ்!”னாங்களாம்.

“அக்கா, எனக்கு உடனே புரிஞ்சுபோச்சுக்கா.”